ஹூண நாட்டு விருந்துக்கு மூன்று பேர்

எனக்கு வந்த வேட்டியின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. பரமுவுக்கும் அவன் தம்பி கேதீசுக்கும் வந்த வேட்டிகளில் மஞ்சள் இல்லை. ரொறன்ரோப் பயணத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று பத்திரிகை நண்பர் கேட்டதிலிருந்து எங்கே தொடங்குவது என்று யோசிக்கிறேன். எங்கே தொடங்கினாலும் அந்த வேட்டி மூலைக்குத்தான் வந்து நிற்கிறேன்.

புதுத் துணி கொடுக்கும்போது ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துக் கொடுப்பது நம்மிடையே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மஞ்சள் வைக்காத வெள்ளை, சாவு வீட்டு வெள்ளை. அவர்களுடைய சகோதரி ராணி, கனடாவிலிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்து விட்டிருந்த பொதியை என் கோயிலில் வைத்துத்தான் பிரித்தோம். கோயில் என்றதும் கோபுரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஜேர்மனியில், ரைன் நதிக்கரை ஊர் ஒன்றில், பழைய தளபாடக் கடையின் நிலவறை அது. மழை நாட்களில் பிள்ளையாருக்குப் பின்னால் சுவர் வியர்க்கும். அங்கே நான் குருக்கள்.

"கனடாவிலை மஞ்சளுக்குத் தட்டுப்பாடு போலை" என்று கேதீஸ் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். பரமு தன் வேட்டியை மடித்து வைத்துவிட்டு, "புதுவீடு குடிபுகுறாளாம். ஐயாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். போவம்" என்றான்.

பரமு மூத்தவன், கேதீஸ் கடைக்குட்டி, நடுவில் ராணி. மூவரையும் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்தே எனக்குத் தெரியும். ராணி சகோதரர்களோடு பேசி வருடக்கணக்காகியிருந்தது. காரணமும் ஊருக்கே தெரியும். அவளுடைய முதல் கணவர் தேவன் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வீட்டுக்குப் பிடிக்காத காதல் கல்யாணம். நாடு கெட்டுக் கிடந்த அந்தக் காலத்தில், ஒரு மாசி மாதம், துவக்கோடு, அதாவது துப்பாக்கியோடு, சிலர் அவரைத் தேடினார்கள். அவர் ஒளித்திருந்த இடத்தை ராணி தன் அண்ணனிடம் மட்டும் சொன்னாள், சாப்பாடு அனுப்ப ஆள் வேண்டும் என்பதற்காக. அந்த மாதம் முடிவதற்குள் மாஸ்டர் இல்லாமற் போனார். உடலும் கிடைக்கவில்லை. பரமுதான் காட்டிக் கொடுத்தான் என்று ஊர் முணுமுணுத்தது. பரமு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேடி வந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் வாசகர் கடிதங்கள் எல்லாம் அதைப் பற்றியே வரும்.

பிறகு ராணி கனடா போய், தில்லை என்ற நல்ல மனிதரை மறுமணம் செய்துகொண்டாள். சகோதரர்கள் ஜேர்மனிக்கு வந்தார்கள். இத்தனை காலமும் ஒரு வார்த்தை இல்லை. இப்போது திடீரென்று விருந்துக்கு வாருங்கள் என்கிறாள்.

இதையெல்லாம் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் ஹெல்கா அம்மாளிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆரம்பத்தில் சாம்பிராணிப் புகைக்கு எதிராக முறைப்பாடு செய்தவர், பிறகு வெள்ளிக்கிழமைப் பொங்கல் புக்கைக்கு அடிமையாகிப் போனவர். நான் சொன்னதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். "இது எங்கள் ஊர்க் கதையாயிற்றே" என்றார்.

முன்னொரு காலம் இதே ரைன் கரையில் அரச சகோதரர்கள் இருந்தார்களாம். அவர்களுக்கு ஒரு தங்கை. அவளுடைய கணவனை அண்ணன்மார் பக்கத்து ஆளே கொன்றுவிடுகிறான். அவன் உடம்பில் ஆயுதம் பாயக்கூடிய ஒரே இடத்தை அவளே நம்பிச் சொன்னதை வைத்துத்தான் கொல்கிறான். பிறகு அவளைத் தொலைதூரத்தில் ஹூணர்களின் அரசனுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். காலம் போகிறது. ஒருநாள் ஹூண நாட்டிலிருந்து விருந்துக்கு அழைப்பு வருகிறது. சகோதரர்கள் ஆற்றைக் கடந்து போகிறார்கள். மண்டபத்துக் கதவு மூடிக்கொள்கிறது.

"அழைத்தது அரசனா, தங்கையா?" என்று கேட்டேன்.

"அதில்தான் வழக்கு. எங்கள் பக்கம் சொல்லும் கதையில் தங்கைதான் பழி தீர்க்க அழைக்கிறாள். ஹூண அரசன் ஒன்றும் அறியாத நல்ல விருந்தோம்பி. வடக்கே, ஐஸ்லாந்துப் பக்கத்தார் சொல்லும் கதையில் அரசன் புதையலுக்கு ஆசைப்பட்டு அழைக்கிறான். தங்கையோ ஒரு மோதிரத்தில் ஓநாய் மயிரைச் சுற்றி அனுப்பி, வராதீர்கள் என்று எச்சரிக்கிறாள். மயிரைப் பார்த்த பிறகும் போகிறார்கள்."

ஹூண நாடு எங்கே இருந்தது என்று கேட்டேன். ஹங்கேரிச் சமவெளி என்பார்களாம், இருண்ட காட்டுக்கு அப்பால் என்பார்களாம், கதை சொல்கிறவர்கள் ஆளுக்கொரு இடத்தில் வைத்தார்களாம். எனக்கு அது நன்றாக விளங்கியது. பெண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காத ஊர் எதுவோ அதுதான் ஹூண நாடு. அன்று பூசை முடிந்ததும் என் வேட்டியை மறுபடி விரித்துப் பார்த்தேன். மஞ்சள் இருந்த இடத்திலேயே இருந்தது.

விமானத்தில் கேதீஸ் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். பரமு கண்ணை மூடவில்லை. முன் இருக்கையில் ஒரு ஜேர்மன் தம்பதி. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மனைவி கணவனிடம், "இவர்கள் மொழி தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது" என்றாள். நான் திரும்பி ஜேர்மனில் நன்றி சொன்னேன். அதன்பிறகு அவர்கள் பேசவே இல்லை.

என் மனைவி உளுந்து வடை கட்டித் தந்திருந்தாள். விமானச் சாப்பாட்டை நம்பி நான் எங்கும் போவதில்லை. கேதீசிடம் நீட்டினேன். "எனக்கு வடை ஒத்துக்கொள்ளாது ஐயா, வாய்வு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது. எனக்கென்ன, அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

பொழுது போகவேண்டுமே என்று பரமுவுக்கு ஹெல்கா அம்மாள் சொன்ன கதையைச் சொன்னேன். வாய் சும்மா இருக்காது என்பது என் குறை. போகிற வழியில் ஆற்றில் நீர்மகளிர் தோன்றி, உங்களில் ஒருவரும் திரும்பமாட்டீர்கள், கூட வருகிற பூசாரி மட்டும்தான் திரும்புவான் என்று சொன்னதையும், அதைப் பொய்யாக்க ஒரு வீரன் பூசாரியைப் பிடித்து ஆற்றில் தள்ளியதையும், நீந்தத் தெரியாத பூசாரி எப்படியோ கரையேறியதையும் சொன்னேன். வடக்கத்திக் கதையின் முடிவையும் சொன்னேன். புதையல் எங்கே என்று மூத்தவனைக் கேட்கிறார்கள். என் தம்பி உயிரோடு இருக்கும்வரை வாய் திறக்கமாட்டேன் என்கிறான் அவன்.

பரமு கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அப்ப பூசாரி மட்டும்தான் தப்பினது" என்றான்.

"ஓம்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை.

தில்லை விமான நிலையத்துக்கு வந்திருந்தார். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவர், எங்கள் மூவருக்கும் கனத்த குளிர்ச்சட்டைகள் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தந்தது கணுக்கால் வரை வந்தது. வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தேன். எனக்கே வணக்கம் சொல்லத் தோன்றவில்லை. ஜேர்மன் குளிர் காதைக் கடிக்கும். ரொறன்ரோக் குளிர் மூக்குக்குள் புகுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுஸ் வாசலில் ராணி நின்றாள். எப்படி வரவேற்கப் போகிறாளோ என்று பார்த்தேன். "வாங்கோ அண்ணை. வா தம்பி. ஐயா, வாங்கோ, குளிரப்போகுது" என்றாள். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. புட்டும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, தட்டில் இடம் தெரியத் தெரியப் போட்டுக்கொண்டே இருந்தாள். வடையும் சுட்டு வைத்திருந்தாள். கேதீஸ் அதே வாய்வுக் கதையைச் சொன்னான்.

சாப்பிட்ட நேரம் முழுவதும் அவள் பரமுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. பஸ் எப்போது வரும் என்று பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்குச் சொதியின் ருசி தெரியவில்லை. தெரியாவிட்டாலும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கிரகப்பிரவேசச் சாமான்கள் வாங்க நானும் கேதீசும் பஸ்ஸில் புறப்பட்டோம். வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு தமிழ்க்கடையில் நீற்றுப்பூசணி இருப்பதாகத் தில்லை சொல்லியிருந்தார். பிழையான திசைப் பஸ்ஸில் ஏறி, இறங்கி, பனியில் நின்று, மறுபடி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். கடைக்குள் சுடச்சுட வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேதீஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய், அந்தக் குளிரில், நான் வரும்வரை தெருவிலேயே நின்றான். வாய்வு உள்ளவன் வடையைத் தின்னமாட்டான், சரி. வாசனைக்கும் ஓடுவானா என்று யோசித்தேன். பிறகு பூசணிக்காயின் பாரத்தில் அந்த யோசனை மறந்துபோயிற்று.

திரும்பும் பஸ்ஸில் பூசணிக்காய் என் மடியிலிருந்து உருண்டு முன்பக்கம் போனது. சாரதி அதைக் காலால் தடுத்து நிறுத்தி, "ஐயா, உங்கள் பிள்ளை கட்டணம் கட்டவில்லை" என்றார். பஸ்ஸே சிரித்தது. கேதீஸ் மட்டும் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற கேதீஸ்.

"ஐயா, அக்கா அண்ணையைத்தான் பாக்கிறா. கவனிச்சனீங்களோ?" என்றான்.

"கவனிச்சன்."

"என்னைப் பாக்கிறா இல்லை" என்றான். பிறகு இறங்கும்வரை பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள், கிரகப்பிரவேச ஆயத்தங்களுக்காக, நகருக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குப் போனோம். புது வீடு அங்கேதான். மல்வேர்னில் பஸ்சும் ஆட்களும் கடைகளும் இருந்தன. வடக்கே போகப் போக எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் தெருவும் பனியும் மட்டும் மிஞ்சின. ராணி முன்னரே வேறொரு காரில் போயிருந்தாள். தில்லையின் வான் ஒரு சின்ன ஓடைப் பாலத்துக்குக் கிட்ட வழுக்கி, ஓரத்துப் பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. தில்லை பக்கத்துப் பண்ணை வீட்டில் மண்வெட்டி கேட்கப் போனார். கேதீஸ் பின்சக்கரத்தோடு மல்லுக்கட்டினான். நானும் பரமுவும் பாலத்து ஓரமாக நின்றோம்.

கீழே ஓடை பாதி உறைந்து கிடந்தது. உறையாத நடுவில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. இதற்கு என்ன பெயர் என்று கேட்க நான் திரும்பினேன். பரமுவின் கை என் முதுகில் இருந்தது. விழாமல் பிடிக்க வைத்த கையா, வேறு எதற்கும் வைத்த கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சரிவில் உருண்டேன். பனிக்கட்டி உடைந்தது. இடுப்புவரை தண்ணீர். குளிர் என்று சொல்லக்கூடாது அதை, நெருப்பு. நீளக் குளிர்ச்சட்டை தண்ணீர் குடித்துக் கீழே இழுத்தது. எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, தொழிலுக்கு வெட்கக்கேடு. ஒரு செடியின் தண்டைப் பிடித்து, முழங்காலால் ஊர்ந்து, கரையேறினேன்.

பரமு பாலத்தின் மேல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வரவில்லை. நான் கரையில் எழுந்து நின்றதும் அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"ஏறிட்டீங்கள் ஐயா" என்றான். பிறகு மிக மெதுவாக, "அப்ப நாங்கள் திரும்பமாட்டம்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனுக்கு நாலு சாபமாவது கொடுத்திருப்பேன். பல் கிட்டிப் போயிருந்ததால் தப்பினான். தில்லை ஓடி வந்து தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார், வெப்பக் காற்றை முழுதாகத் திறந்துவிட்டார், "எங்கடை ஊர் ஐயரை நாங்களே கொல்லப் பாத்தமே" என்று வழி முழுவதும் புலம்பினார். கதையில் வருகிற, ஒன்றும் அறியாத நல்ல அரசன் இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் பழி தீர்க்க அழைத்தவள் ராணிதான் என்று பட்டதும், குளிரோடு பயமும் சேர்ந்துகொண்டது.

புது வீடு, தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் வெட்டவெளி, வேலி, தூரத்தில் ஒரு கறுத்த மரவரிசை. வேலிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு நாய் நின்று வீட்டையே பார்த்தது. நாய் என்றுதான் நினைத்தேன். "அது கயோட்டி ஐயா, ஓநாய்க்குத் தம்பி முறை" என்றார் தில்லை. "நாங்கள் வீடு பாக்க வந்த அண்டைக்கும் உந்த இடத்திலைதான் நிண்டது." நான் உடனே உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை கிரகப்பிரவேசம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பால் கிழக்கே பார்த்துப் பொங்கியது. புகை மணிக்குப் பயந்து, அதன் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு ஹோமம் வளர்த்தேன். வாசலில் பூசணிக்காயை உடைத்தபோது உள்ளே இருந்த குங்குமத் தண்ணீர் வெள்ளைப் பனியில் சிவப்பாகத் தெறித்து ஓடியது. ஊரில் மண் அதைக் குடித்துவிடும். இங்கே பனி அதை அப்படியே ஏந்தி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் காட்டியது. எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையின் கண்ணை மூடி உள்ளே கூட்டிப் போனாள். தில்லை ஓடிப்போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள், வீட்டைப் புகழ்ந்தார்கள், நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தார்கள், சாப்பிட்டுவிட்டு, பனி கூடப்போகுது என்று பிற்பகலிலேயே போய்விட்டார்கள். கடைசிக் கார் போனதும் ராணி வாசற்கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டாள். அந்தச் சின்னச் சத்தம் வெறும் மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது. தளபாடம் ஒன்றும் வரவில்லை. புது வர்ண வாசனை. தரையில் விரித்த பாயில் பரமு, கேதீஸ், நான். தில்லை அடுப்பிருந்த குசினி வாசலில் நின்றார்.

"ஐயா, பஞ்சாங்கத்தை எடுங்கோ" என்றாள் ராணி.

எடுத்தேன். மறைப்பானேன், எனக்குப் பயமாக இருந்தது.

"அவருக்கு இன்னும் ஒரு திவசம் குடுக்கேல்லை. மாசி எண்டு மாசம் தெரியும். நாள் தெரியாது. இஞ்சத்தை ஐயர்மார், நாள் தெரியாட்டி அமாவாசையிலை செய் பிள்ளை எண்டினம். அது ஒருத்தருக்கும் நாள் தெரியாத ஆக்களுக்கு. இவற்றை நாள் தெரிஞ்ச ஆள் இருக்கு." அவள் பரமுவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அண்ணை, எண்டைக்கு?"

என்னை ஏன் கடல் கடந்து கூப்பிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பால் காய்ச்ச ரொறன்ரோவில் ஐயர்மாருக்கா பஞ்சம்? அண்ணனின் குற்றத்தை அறிந்த ஊர்க் குருக்கள் முன்னால், அக்கினி வளர்த்த வீட்டில், அவன் பொய் சொல்லமுடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நாளைச் சொன்னால், அங்கே நடந்தது தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் காலம் முழுக்கப் பட்டினி. வாளும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

"எனக்குத் தெரியாது" என்றான் பரமு.

"இடத்தை உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான் அண்ணை. என்ரை வாயாலை சொன்னனான். எண்டைக்கு?"

"தெரியாது ராணி."

"நான் உங்களை ஒண்டும் செய்யமாட்டன். நாளை மட்டும் தாங்கோ."

பரமு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். விமானத்தில் நான் சொன்ன கதையின் முடிவு அப்போது என் மண்டையில் உறைத்தது. தம்பி உயிரோடு இருக்கும்வரை சொல்லமாட்டேன். நான் மெல்லத் திரும்பிக் கேதீசைப் பார்த்தேன்.

அவன் அழுதுகொண்டிருந்தான்.

"வாயை மூடடா!" என்று பரமு கத்தினான். அதுவரை கேதீஸ் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"தேய்பிறை அட்டமி, அக்கா" என்றான் கேதீஸ். "அண்டைக்கு எங்கடை வைரவருக்கு வடைமாலை சாத்தினது. அண்ணை வெளிக்கிட்டால் சந்தேகப்படுவாங்கள் எண்டு பார்சலை என்னட்டைத் தந்து விட்டவர். அம்மா அதுக்குள்ளை வடையும் வைச்சவ. ஒழுங்கையிலை மறிச்சாங்கள். ஆருக்கடா சோறு எண்டாங்கள். துவக்கை இஞ்சை வைச்சவங்கள்." அவன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "நான் அத்தான் ஒளிச்சிருந்த புகையிலைக் கொட்டிலைக் காட்டினனான். கொஞ்ச நேரத்தாலை வெடி கேட்டது. நான்தான் அக்கா. அண்ணை இல்லை."

வெப்பமூட்டி உறுமி நின்றது. ராணி அவனைப் பார்த்தாள். நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து அவள் அவனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவர் அந்த வடையைச் சாப்பிட்டவரோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. பார்சலை அவங்கள் பறிச்சுப்போட்டாங்கள்."

அவள் தலையை ஆட்டினாள். பரமுவிடம் திரும்பி, "ஏன் அண்ணை இவ்வளவு காலமும் சொல்லேல்லை? நான் உங்களைச் சபிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்" என்றாள்.

"அவன் அப்ப சின்னப் பொடியன்" என்றான் பரமு. அவ்வளவுதான் சொன்னான்.

நான் அந்த மனிதனை ஊரோடு சேர்ந்து இத்தனை வருடம் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! பாலத்தில் என்னைத் தள்ளியிருந்தால்கூட அந்த நேரத்தில் மன்னித்துவிட்டேன்.

ராணி எழுந்து குசினிக்குள் போனாள். தில்லை வழிவிட்டு ஒதுங்கினார். அவள் இன்று நாள் கேட்கப்போவது அவருக்கு முன்பே தெரியும் என்று அவர் முகம் சொன்னது. அவள் ஒரு வாழையிலைத் துண்டோடு வந்தாள். அதில் காலையில் சுட்ட வடை ஒன்று. அதைக் கேதீசுக்கு முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள்.

அவன் அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு எடுத்துச் சாப்பிட்டான். ஒவ்வொரு வாயையும் அவள் நின்று பார்த்தாள். முடிந்ததும், "மாசி அட்டமிக்கு நீதான் அவருக்கு எள்ளுத் தண்ணி விட வேணும். அதுவரைக்கும் நீ போகேலாது" என்றாள்.

"அவன் நிண்டால் நானும் நிப்பன்" என்றான் பரமு.

"தெரியும். அதுதான் திவசத்துக்கு எண்டு வேட்டி ரெண்டு எடுத்தனான். மஞ்சள் வைக்கேல்லை. கண்டிருப்பியள்."

பஞ்சாங்கத்தில் நாளைப் பார்த்துச் சொன்னேன். நான் கோயில் ஐயர், அந்தக் கிரியைகள் செய்வதில்லை. அதற்குரிய ஒருவரைத் தில்லை ஒழுங்கு செய்வதாகச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வேலியடியில் அந்தச் சாம்பல் உருவம் நின்றது. நான் திரையை இழுத்து மூடினேன்.

நான் தனியாகத் திரும்பினேன். விமானத்தில் என் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் காலி. பணிப்பெண் வந்து, கூட வந்தவர்கள் எங்கே என்று கேட்டாள். விருந்தில் நின்றுவிட்டார்கள் என்றேன். ரைன் பாலத்தை டிராமில் கடந்தபோது வழக்கமாகப் பார்ப்பதுபோல அன்று கீழே ஆற்றைப் பார்க்கவில்லை, எதிரே இருந்தவரின் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெல்கா அம்மாள் படிக்கட்டில் நின்றார். என்னை மட்டும் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உயிரோடுதான் இருக்கிறார்கள்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மாசி வந்தது. தேய்பிறை அட்டமியன்று நிலவறையில் வைரவர் படத்துக்குச் சின்னதாக ஒரு வடைமாலை சாத்தினேன். கோயிலில் யாரும் இல்லை. பிற்பகல் தொலைபேசி அடித்தது. ராணி.

"ஐயா, தம்பி தண்ணி விட்டிட்டான். எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது."

"நல்லது பிள்ளை. காகத்துக்கு வைச்சியோ?"

"பின்வளவிலை பனிக்கு மேலை இலை போட்டு வைச்சனான். கனநேரம் பாத்தம். ஒரு காகமும் வரேல்லை. பிறகு அந்த வேலியடியிலை நிக்கிறது வந்தது ஐயா. நாங்கள் மூண்டு பேரும் நிக்கிறம், பயப்பிடேல்லை. கிட்டவா வந்து சோத்தை மணந்து பாத்திட்டு விட்டிட்டுது. வடையை மட்டும் எடுத்துத் திண்டிட்டு, எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. பிறகு மரங்களுக்குள்ளை போயிட்டுது."

எனக்குப் பின்னால் வைரவர் படத்தில் அவருடைய நாய் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயா, இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன் பிள்ளை."

"அவருக்கு வடை எண்டால் உயிர்" என்றாள்.